உடற்பயிற்சியும் முதுகு நலமும்



உடற்பயிற்சி நன்மை தருவது என்பதை நிறுவுவதற்காக நான் இன்று உங்களிடம் பேச வரவில்லை. அதனை நீங்கள் அறிவீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் அதனினும் சிறியது. ஆனால் பலரும் கவனியாது விடுவது. எந்தக் கருவியும் இன்றி, நம் உடலின் எடையையே சுமையாகக் கொண்டு செய்யும் பயிற்சிகள் உள்ளன அல்லவா? தண்டால், பஸ்கி, தோப்புக்கரணம், சிட்-அப்ஸ் என்று நீங்கள் கூறும் படுத்தெழும் பயிற்சி, பாரில் தொங்கி உடலை உயர்த்துதல், சூரிய நமஸ்காரம் முதலியன அவ்வகையின. இவற்றிற்குப் பணச் செலவு இல்லை. தனி இடம் வேண்டா. கற்பிப்பார் இல்லாமலேகூடத் தொடங்கிவிடலாம். இந்த எளிமை இவற்றின் சிறப்பு. இடர் வருவதும் இந்த எளிமையால்தான். முறை அறியாமல் தொடங்குவோர் பலர் சில வாரங்களில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு உடற்பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகின்றனர். ஒத்துக்கொள்ளாதது பயிற்சி அன்று. அதனைச் செய்த முறை.

இது சிறு செய்தி அன்று என்பதற்கு எங்கள் பக்கத்தையே சான்று காட்டுவேன். வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது மகாராஜபுரம். அங்கும், திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்தின் மற்ற ஊர்களிலும், காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஆயத்தம் செய்யும் இளைஞர்களை விடியற்காலையில் காணலாம். 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி தரைப்படையில் சேர விழைவோர் 1.6 கிலோமீட்டர் ஓடவேண்டும். பாரில் தொங்கி உடலை உயர்த்தவும் வேண்டும். பத்து முறை உயர்த்துவோர்க்கே அதில் முழு மதிப்பெண். இத்தகைய தேர்வுகளுக்கெல்லாம் வயது வரம்பு உண்டு. ஆறு மாதம் முதுகு வலியால் முடங்கும் பிள்ளைக்கு ஒரு தேர்வு கைநழுவிப் போகும். சிலருக்கு அதுவே கடைசி வாய்ப்பாகவும் இருக்கலாம். ஆகவே, முறை பிறழ்ந்த பயிற்சியால் இழப்பது உடல் நலம் மட்டும் அன்று. ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பும் அதில் அடங்கியுள்ளது.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கின்படி, 2020-ஆம் ஆண்டில் கீழ்முதுகு வலியால் துன்புற்றோர் 61.9 கோடிப் பேர். 2050-இல் இத்தொகை 84.3 கோடியாகும் என மதிப்பிட்டுள்ளனர். இவ்வலி உடையோருள் பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன நோயால் வந்தது என்று திட்டமாக ஒரு காரணத்தைச் சுட்ட இயல்வதில்லை. நாம் உட்காரும் முறை, குனியும் முறை, சுமை தூக்கும் முறை, உடலின் வலிமை, உறக்கம், மனக்கவலை எனப் பலவும் அதில் கூடிக் கலந்துள்ளன. அவற்றுள் நம் கைக்கு எட்டியது எதுவோ அதனைத் திருத்திக்கொள்வது அறிவுடைமை.

முதலில் முதுகெலும்பின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, அதன் கீழ் 5 என அசையும் முள்ளெலும்புகள் 24 உள்ளன. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தவிர, மற்றவற்றின் இடையே வட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது. 'டிஸ்க்' என்றும் 'ஜவ்வு' என்றும் மக்கள் சொல்வது இதனையே. இவ்வட்டின் புறம் பல அடுக்கு நார்களால் ஆனது. அகம் கூழ் போன்றது. நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் உள்ளிருக்கும் நீர் மறுபக்கம் ஒதுங்கும் அன்றோ? முதுகை முன்புறம் கூனலாக வளைக்கும்போது வட்டின் முன்விளிம்பு அழுந்துகிறது. கூழ் பின்புறம் தள்ளப்படுகிறது. அப்பின்புறத்தில்தான் கால்களுக்குச் செல்லும் நரம்புகள் உள்ளன. ஒருமுறை குனிவதால் தீங்கில்லை. குனிவதற்காகவே முதுகு படைக்கப்பட்டுள்ளது. ஆனால் பெருஞ்சுமையோடு, களைத்த தசைகளோடு, நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வளைத்து நிமிர்த்தினால் நார்கள் நாளடைவில் நைந்துபோகும்.

நம் மொழி வழக்கு ஒன்று இங்கே நம்மைச் சற்று மயக்குகிறது. 'இடுப்பை வளை' என்கிறோம். இடுப்பு என்பது எது? வேட்டி கட்டும் இடமும் இடுப்பு; கீழ்முதுகும் இடுப்பு; தொடை எலும்பு உடலோடு பொருந்தும் மூட்டும் இடுப்பே. பயிற்சியில் மடியவேண்டிய இடம் இவற்றுள் கடைசியில் சொன்ன தொடைமூட்டு ஒன்றே. அது கிண்ணத்துள் பந்து பொருந்தியதுபோல் அமைந்த உறுதியான மூட்டு. அதனைச் சூழ்ந்துள்ள பிட்டத் தசைகள் உடலிலேயே மிகப் பெரியவை. கதவு கீலில் திரும்பவேண்டும், நிலை வளையக்கூடாது. முதுகெலும்பு நிலை, தொடைமூட்டு கீல். இன்று நான் சொல்லவந்தது முழுவதும் இவ்வளவே. இனிச் சொல்வன எல்லாம் இதன் விரிவுரை.

இவ்வுண்மையை உழைக்கும் மக்களிடத்தில் காணலாம். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி மலைக்குத் தலைச்சுமையோடு ஏறுவோரைப் பாருங்கள். முதுகு நிமிர்ந்தே இருக்கும், தொடைகளே ஏறும். நாற்று நடுவதில் பழகிய பெண்கள் பலர் குனியும்போது முதுகைப் பலகைபோல் வைத்துத் தொடைமூட்டில் மடிவர். எனினும் நாள் முழுதும் குனிந்தபின் அவர்களுக்கும் முதுகு வலிக்கத்தான் செய்கிறது. முறை சரியாயினும் அளவு மீறலாகாது என்ற இரண்டாம் பாடம் அதில் உள்ளது.

இனிப் பயிற்சிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பஸ்கியும் தோப்புக்கரணமும் முதலில் வருவன. பாதம் முழுதும் தரையில் பதியட்டும், குதிகால் எழவேண்டா. பின்னால் ஒரு முக்காலி இருப்பதாக எண்ணிப் பிட்டத்தைப் பின்னுக்குக் கொண்டுசென்று அமருங்கள். முழங்கால்கள் பாத விரல்கள் நோக்கும் திசையிலேயே செல்லட்டும். ஓரளவுக்குக் கீழே இறங்கியதும், சிலருக்கு வால் எலும்பு உள்நோக்கிச் சுருண்டு கீழ்முதுகு கூனத் தொடங்கும். அந்த இடமே உங்களுக்குரிய எல்லை. பயிற்சியில் அதற்கு மேலேயே நின்றுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவன் தரை தொட அமர்ந்தால் அது அவன் தொடைமூட்டின் அமைப்பு. எல்லாருடைய எலும்பும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல.

அடுத்தது தண்டால். இதில் நேரும் பிழை கூனல் அன்று, தொய்வு. கைகள் களைத்ததும் வயிறு தரையை நோக்கிச் சரியும். அப்போது கீழ்முதுகு பள்ளமாகி, முள்ளெலும்புகளின் பின்பகுதிகள் ஒன்றோடொன்று நெருக்குண்ணும். தலை முதல் குதிகால்வரை ஒரே கோடாக இருக்கவேண்டும். வயிற்றை இலேசாக இறுக்கி, பிட்டத் தசைகளையும் இறுக்கினால் இக்கோடு தானே அமையும். தரையில் பத்துத் தண்டால் ஒழுங்காக எடுக்க இயலாதவர், திண்ணை விளிம்பில் கையூன்றி எடுக்கலாம். அதுவும் கடினமாயின் சுவரில் கையூன்றலாம். உடல் எவ்வளவு நிமிர்கிறதோ அவ்வளவு சுமை குறையும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. படி ஏறித்தான் மாடிக்குச் செல்லவேண்டும்.

பின்புறமாக மிகுதியாக வளைவது வளரும் பருவத்தில் சிறப்பாகத் தீங்கு தரும். முள்ளெலும்பின் பின்பகுதியில் உள்ள ஒடுங்கிய இடம், திரும்பத் திரும்பப் பின்வளைந்து திருகுவதால் கீறல் விடக்கூடும். வேகப் பந்து வீச்சாளர்களுக்கு இது மிகுதி. புகழ்பெற்ற வீரர் ஜஸ்பிரீத் பும்ராவின் கீழ்முதுகில் 2019-இல் இத்தகைய முறிவுக்கீறல் கண்டது. 2023-இல் அவர் முதுகில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். தேர்ந்த பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் சூழ்ந்திருப்பவருக்கே இது நேருமாயின், தனியே பயிலும் நீங்கள் எவ்வளவு கருத்தோடு இருக்கவேண்டும்!

மூன்றாவது, படுத்தெழும் பயிற்சி. கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, கைகளைத் தலையின்கீழ்க் கோத்து, முழங்காலைத் தொடும்வரை எழும் பயிற்சியை ஒரு காலத்தில் எல்லாப் பள்ளிகளிலும் செய்வித்தனர். வயிறு ஒட்டிப்போகும் என்று நம்பினர். உண்மையில், பாதி எழுந்தபின் உடலைத் தூக்குவது பெரும்பாலும் வயிற்றுத் தசை அன்று; கீழ்முதுகின் முள்ளெலும்புகளிலிருந்து தொடைக்குச் செல்லும் தசையாகும். அது தன்னை இழுக்கும்போது முதுகெலும்பையும் சேர்த்து அழுத்துகிறது. கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மக்கில் இதனை அளந்து ஆராய்ந்தவர். ஒருமுறை எழும்போது கீழ்முதுகில் விழும் அழுத்தம் 3,300 நியூட்டன் அளவினது என்று அவர் கண்டார். ஏறத்தாழ 330 கிலோகிராம் எடையை முதுகின்மேல் வைத்ததற்கு இது சமம்! தொழிலாளர் சுமை தூக்குவதற்கு அமெரிக்க நாட்டுத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1981-இல் வகுத்த எச்சரிக்கை எல்லையே 3,400 நியூட்டன்தான். ஒரே காலையில் இருநூறு முறை எழுபவர் அந்த எல்லையின் வாயிலை இருநூறு முறை தட்டுகிறார்.

இவ்வாராய்ச்சிகள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கத் தரைப்படையில் 1980 முதல் இருந்துவந்த உடல்தகுதித் தேர்வில் இப்பயிற்சி இடம்பெற்றிருந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த தேர்வில் அது இடம்பெறவில்லை. முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தும் 'பிளாங்க்' பயிற்சி வந்துவிட்டது. நம் நாட்டிலும் 'கேலோ இந்தியா' பள்ளி உடல்தகுதிச் சோதனையில், வயிற்றுத் தசையை அளக்க வைத்திருப்பது முழுவதும் எழுந்தமரும் பயிற்சி அன்று. தோள்கள் மட்டும் எழும் அரைப் பயிற்சியே.

மல்லாந்து படுத்து இரு கால்களையும் நீட்டியபடியே உயர்த்துவதும் இதன் இனத்தைச் சேர்ந்ததே. கால்கள் எழும்போது கீழ்முதுகு தரையைவிட்டு வில்லாக எழுந்தால், சுமை முதுகிற்குப் போய்விட்டது என்று அறிக. ஒரு முழங்காலை மடக்கி ஊன்றிக்கொண்டு மற்றொரு காலை மட்டும் உயர்த்துவது பழகுநருக்குப் போதும்.

பாரில் தொங்குவோர் நினைவிற் கொள்ளவேண்டியவை இரண்டு. எண்ணிக்கைக்காக உடலை ஊஞ்சலாட்டி, முதுகை உதறி ஏறாதீர்கள். முடிந்ததும் உயரத்திலிருந்து தொப்பென்று குதிக்காதீர்கள். கீழே ஒரு கல்லோ முக்காலியோ வைத்து இறங்குங்கள். குதித்தே ஆகவேண்டுமாயின் முழங்காலையும் தொடைமூட்டையும் மடக்கி இறங்குங்கள்.

சூரிய நமஸ்காரத்தை நாடெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் மராட்டியப் பகுதியில் அமைந்திருந்த ஔந்து சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி. அது மிக அழகிய பயிற்சி. ஆனால் அதில் குனிந்து தரையைத் தொடும் நிலையில், முழங்காலை விறைப்பாக வைத்தே தொடவேண்டும் என்று பலர் முயல்கின்றனர். தொடையின் பின்தசைகள் இறுகியுள்ளவர் அவ்வாறு செய்தால், தொடைமூட்டு மடியாத குறையை முதுகு வளைந்து ஈடுசெய்ய நேரும். முழங்காலைச் சற்றே மடக்குங்கள். தரையைத் தொடும் நாள் தானே வரும்.

இன்னொரு செய்தி, விடியற்காலையில் பயில்வோருக்கு மிக வேண்டுவது. இரவில் நாம் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை ஈர்த்துப் பருக்கின்றன. காலையில் நம் உயரம் மாலையில் உள்ளதைவிட ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பது இதனால்தான். அந்நேரத்தில் குனிந்தால் வட்டுகளும் தசைநார்களும் மிகுதியாக விறைக்கின்றன. முதுகு வலி நீடித்தவர்களை, எழுந்தவுடன் குனியாமல் இருக்கச் செய்தபோது அவர்கள் வலி குறைந்ததாக 1998-இல் ஸ்னூக் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் வெளியிட்டுள்ளனர். ஆகவே படுக்கையைவிட்டு எழுந்ததும் முதற்காரியமாகச் சிட்-அப்ஸ் எடுப்பது தகாது. முதலில் நடங்கள், மெல்ல ஓடுங்கள். முதுகை மடக்கும் பயிற்சிகளை அரைமணி, ஒருமணி கழித்து வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் பேருந்திலோ வகுப்பிலோ கூனி அமர்ந்திருந்து உடனே பயிற்சியில் இறங்குவோருக்கும் இவ்விதி பொருந்தும்.

அப்படியாயின் முதுகைக் காக்கும் பயிற்சி எது? வலிமையினும் தாங்கும் ஆற்றலே முதுகிற்கு முதன்மையானது. டென்மார்க்கில் பியரிங்-சோரன்சென் என்பவர் செய்து 1984-இல் வெளியிட்ட ஆய்வில், முதுகுத் தசைகள் நெடுநேரம் தாங்கி நிற்கும் ஆடவருக்கு, அடுத்த ஓராண்டில் புதிதாக முதுகு வலி தோன்றுவது குறைவாக இருந்தது. தாங்கும் ஆற்றலை வளர்க்க, முன்னர்க் குறித்த மக்கில் மூன்று எளிய பயிற்சிகளைக் கூறுகிறார். ஒன்று: மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி, இரு கைகளையும் கீழ்முதுகின் அடியில் வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் சிறிதளவே உயர்த்தி நிறுத்துதல். இரண்டு: ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பை உயர்த்தி உடலை நேராக நிறுத்துதல்; தொடக்கத்தில் முழங்காலையும் ஊன்றிக்கொள்ளலாம். மூன்று: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் ஒருங்கே நீட்டுதல், பின்னர் மாற்றிச் செய்தல். ஒவ்வொரு நிலையிலும் பத்து வினாடி போதும். மூன்றாவது பயிற்சியின்போது முதுகின்மேல் ஒரு புத்தகத்தை வைக்கச் சொல்லுங்கள். அது விழாவிட்டால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள்.

எண்ணிக்கையைப் பற்றி ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல். பயிற்சியின்போது வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண இயலாமல் குரல் அடைத்தால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள் என்பது பொருள். அடுத்து, முறை பிறழ்ந்த முதல் எண்ணிலேயே நிறுத்திவிடுங்கள். பதினைந்தாம் தண்டாலில் வயிறு தொய்ந்தால் உங்கள் கணக்கு பதினான்கு. பதினாறும் பதினேழும் கணக்கில் சேர்வதில்லை, முதுகில் சேர்கின்றன. வாரத்திற்கு ஒன்றிரண்டு கூட்டினால் போதும். தசை சில வாரங்களில் வலுப்பெறும். எலும்பும் நாரும் வலுப்பெற மாதங்கள் ஆகும். இளைஞர்கள் தசையின் வேகத்தைக் கண்டு எலும்பின் பொறுமையை மறந்துவிடுகின்றனர்.

உடற்பயிற்சியைத் தண்டனையாக விதிப்பதை நான் எதிர்ப்பதும் இக்காரணத்தால்தான். இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் 17-ஆம் பிரிவில் மாணவர்க்கு உடல் தண்டனை அளிப்பதைத் தடைசெய்துள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். "நூறு தோப்புக்கரணம் போடு" என்று ஒரு பிள்ளைக்கு விதிக்கும்போது, களைத்தபின் நிறுத்தும் உரிமையை அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம். முறை குலைவதும் முதுகு கெடுவதும் அந்தக் களைப்பிற்குப் பின்னர்தான். மேலும், தண்டனையாகக் கற்றதை வாழ்நாள் முழுதும் யார் விரும்பிச் செய்வார்? சென்னையில் 1920-ஆம் ஆண்டு எச். சி. பக் என்பவர் ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்தது உடற்பயிற்சியைக் கல்வியாக ஆக்குவதற்கே. அதனைத் தண்டனையாகத் தாழ்த்துவது நமக்கு அழகன்று.

எவ்வளவு கருத்தோடு இருந்தாலும் ஒருநாள் முதுகு பிடித்துக்கொள்ளலாம். அப்போது அஞ்சவேண்டா. வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கவும் வேண்டா. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடையே நடந்து, 1995-இல் வெளியான ஆய்வில், புதிதாக முதுகு வலி கண்டோருள் படுத்திருந்தவர்களைக் காட்டிலும், வலி பொறுக்கும் அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். வலி தந்த பயிற்சியை மட்டும் சில நாள் விலக்கி, நடப்பதைத் தொடருங்கள். ஆனால் சில குறிகளைக் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடவேண்டும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்குதல், காலில் மரத்தல் அல்லது வலுவிழத்தல், காய்ச்சலோடு கூடிய முதுகு வலி, படுத்தாலும் தணியாத இரவு வலி, விழுந்து அடிபட்டபின் வரும் வலி ஆகியன அவை. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், இருக்கைப் பகுதி மரத்துப்போதல் ஆகியன நேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வளரும் பிள்ளைகளுக்குப் பின்வளையும்போது வலி இரண்டு மூன்று வாரம் நீடித்தாலும் காட்டிவிடுவது நல்லது. இந்நிலையில் சுளுக்கு எடுப்பதாகக் கூறி முதுகை முறுக்குவோரிடம் சென்று நாளைப் போக்காதீர்கள்.

நண்பர்களே, நாளைக் காலையில் பயிற்சியைத் தொடங்குமுன் ஒன்று செய்யுங்கள். ஒரு நீண்ட கோலை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். தலையின் பின்புறம், தோள்களின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் அது தொட்டிருக்கட்டும். அந்த மூன்று தொடுதலும் விலகாமல் முன்னே குனிந்து பாருங்கள். கோல் விலகவில்லையாயின் நீங்கள் தொடைமூட்டில் மடிகிறீர்கள். விலகினால் முதுகில் மடிகிறீர்கள். ஒரு வாரம் இதனையே பழகிக்கொண்டு பிறகு தண்டாலுக்கும் பஸ்கிக்கும் செல்லுங்கள். தேர்வு மைதானத்தில் உங்களுக்கு வேண்டியது ஒருநாள் வலிமை. அதன்பின் நாற்பது ஆண்டுப் பணிக்கு வேண்டியது நலமான முதுகு. முதலாவதற்காக இரண்டாவதை இழக்காதீர்கள்.